முக்கோணத்தின் பயன்கள்

காலை ஆறே முக்காலுக்கு நடத்துனர் தம் சீருடைச் சட்டையை மாட்டினார். மேல் பொத்தானைப் போட்டார். இரண்டாவதைத் தேடிய விரல்களுக்கு ஓட்டை அகப்பட்டது, பொத்தான் அகப்படவில்லை. மூன்றாவதும் இல்லை, நான்காவதும் ஐந்தாவதும் இல்லை. ஏழரைக்கு அவருடைய முதல் வண்டி கிளம்பும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகிய மனிதருக்கு, தம்மிடமே ஒன்று இல்லாமல் போனது சட்டென்று பிடிபடவில்லை.

"என் சட்டைப் பொத்தானெல்லாம் எங்க?"

"நாற்கரத்துல இருக்கு," என்றாள் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி. தலையை நிமிர்த்தவில்லை.

நாற்கரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தம் வண்டி போகும் தடத்தில் அப்படியொரு நிறுத்தம் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

மேசையருகே மகள் ஒரு தடித்த அட்டையை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டிருந்தாள். அட்டையில் நான்கு பித்தளைப் பொத்தான்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முறுக்கு நூலில் தைத்த நான்கு கோடுகள். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை. பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் வீட்டில் வைத்த பெயர் வக்கீல்.

"அப்பா, உங்க ரெண்டாவது பொத்தான்ல நூத்திப் பத்து டிகிரி இருக்கு," என்றாள் வக்கீல். "மத்த மூணு கோணத்தையும் கூட்டி முந்நூத்தி அறுபதுல கழிச்சேன்."

நூற்றுப் பத்து டிகிரி அவருடைய தலையில்தான் இருந்தது. சட்டையை விரித்துப் பிடித்தபடி மனைவியின் முன்னால் போய் நின்றார். ஊருக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுக்கிற வீட்டில், வீட்டுக்காரன் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். கடைப் பொத்தான் எல்லாம் தட்டையாக இருக்கிறது, சீருடைப் பொத்தான்தான் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படுகிறது என்று அவள் விளக்கம் சொன்னாள். எடுப்பான பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவை போன இடத்தைப் பற்றி இருவருக்கும் தெரியும், பேசினால் வயிற்றெரிச்சல் என்பதால் பேசவில்லை. அவர் பேச்சை மாற்றினார். மாற்றிய பேச்சு இன்னும் மோசமானது.

"அந்த ஃபாரம் என்ன ஆச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்னு சொன்னாங்கல்ல?"

மிஷின் நின்றது.

"குடுக்கலாம்."

"குடுக்கலாம் குடுக்கலாம்னு ஒரு வாரமா சொல்ற. ஸ்கூலே கணக்கு வேணாம்னு சொல்லுது, நமக்கென்ன வந்துச்சு? திங்கக்கிழம பரீட்ச. அவங்க என்ன கெட்டதா சொல்லிட்டாங்க? நல்லவங்க, நல்லதுக்குத்தான சொல்றாங்க."

"நல்லவங்கதான். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவர் நான்கு ஊக்குகளைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று முழுவதும் சீட்டுக் கிழிக்கக் குனிந்த போதெல்லாம் ஒவ்வொரு ஊக்கும் அவருக்குத் தன் இருப்பைத் தெரிவித்தது.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். சுற்றுச்சுவரில் 'எல்லோரும் எங்கள் பிள்ளைகளே' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அது வெறும் சுண்ணாம்பும் சாயமும் என்பதால் வக்கீலின் விரலுக்கு எட்டவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நல்லவர்களில் முதல் நல்லவர் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். பலகையில் படம் போட்டுவிட்டுப் பிரம்பால் தட்டி, "இதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிற இது, அந்தப் பக்கம் இருக்கிற அதுக்குச் சமம். புரிஞ்சுதா?" என்பார். நாற்பத்தொரு பிள்ளைகள் புரிந்தது என்பார்கள். நாற்பத்திரண்டாவதாக வக்கீல், "எது சார், எதுக்குச் சமம்?" என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும். வாத்தியார் மட்டும் சிரிக்க மாட்டார், அவ்வளவு நல்லவர். "உனக்கு இது வேணாம்மா. நீ ரெஸ்ட் எடு," என்பார்.

இப்படி வாரத்துக்கு ஐந்து வகுப்பு அவளுக்கு ஓய்வு கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் மாடாய் உழைத்து வேலையை விட்ட மனிதருக்குக்கூட வீட்டில் அவ்வளவு ஓய்வு கிடைக்காது.

புள்ளி புள்ளியாய்ப் புடைத்த பிரெயில் எழுத்தில் கணக்குப் புத்தகம் ஒன்று மேலிடத்திலிருந்து வரத்தான் செய்தது, பாதி வருடம் கழித்து. வக்கீல் ஆவலாய்த் தடவினாள். 'கீழே உள்ள படத்தைப் பார்த்து விடையளிக்க' என்று தப்பில்லாமல் புள்ளி வைத்திருந்தார்கள். கீழே தடவினாள். வழவழவென்று வெறும் தாள். அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பினாள். அங்கே, 'மேலே பார்த்த படத்திலிருந்து நாம் அறிவது' என்று இருந்தது.

அரையாண்டுத் தேர்வில்தான் வாத்தியாரின் நல்ல மனசு உச்சத்துக்குப் போனது. எல்லோருக்கும் முக்கோணம் வரைந்து கோணம் கண்டுபிடிக்கும் கேள்வி. பார்வையில்லாத பிள்ளை எப்படி வரையும் என்று இரவெல்லாம் யோசித்து, அவளுக்கென்று தனியாக ஒரு கேள்வி தயாரித்திருந்தார்: 'முக்கோணத்தின் பயன்கள் பற்றி ஐந்து வரிகளில் எழுதுக.'

வக்கீல் சொன்னாள், கீழ் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியது. 'முக்கோணம் கணக்கு ஆசிரியர்களுக்கு வேலை தருகிறது. முக்கோணத்துக்கு மூன்று பக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவற்றை நான் சந்தித்ததில்லை. சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் மற்ற பயன்களை எழுதுவேன். நன்றி.' எண்ணி ஐந்து வரி. ஐந்துக்கு ஐந்து கிடைத்தது, வாத்தியார் வரிகளை எண்ணினாரே தவிர வாசிக்கவில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று பிள்ளை வீட்டுக்கு வந்து அழுத அழுகையைத் தாய் அதற்கு முன் கேட்டதில்லை. கீழே விழுந்து பல் உடைந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

"அஞ்சு மார்க் பிச்ச போட்டுட்டாங்கம்மா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வானம் என்ன நிறம்னா யாராவது சொல்லணும். வந்தது யாருன்னா யாராவது சொல்லணும். எல்லாமே யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரியுது. கணக்கு மட்டுந்தான் நானே கண்டுபிடிக்கலாம். அதையும் வேணாங்கிறாங்க," என்றாள்.

தாய் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். முக்கோணத்தோடு அவளுக்கு இருந்த சம்பந்தமெல்லாம் ரவிக்கைக்கு முக்கோணமாய் அக்குள் பட்டி வெட்டுவதோடு சரி. ஆனாலும் மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரம் கனிவாகப் பேசினார். பிள்ளைக்கு எதற்கு வீண் சிரமம், கடவுள் ஏற்கெனவே கொடுத்த சிரமம் போதாதா, பாட்டு நன்றாக வருகிறதா என்று பாருங்கள் என்றார். வரைபடத்தைக் கைக்குத் தெரிகிற மாதிரி செய்து கொடுக்கக் கூடாதா என்று இவள் கேட்டதற்கு, அதற்கெல்லாம் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், அந்தப் பதவி ஆறு வருடமாகக் காலி என்றார். காலி என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பல பள்ளிகளில் அந்தப் பதவியே கிடையாதாம்.

பதவி காலியாக இருந்தால் என்ன, மிஷின் காலியாகத்தானே இருக்கிறது என்று தையல்காரி அன்று மாலையே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் படம் படுதோல்வி. புத்தகத்தில் இருந்த முக்கோணத்தை அதைச் சுற்றியிருந்த மரம், வீடு, ஏணி, ஏணியில் நிற்கும் ஆள் எல்லாவற்றோடும் சேர்த்து அழகாகப் பூவேலை செய்தாள். வக்கீல் பத்து நிமிடம் தடவிவிட்டு, இது முக்கோணமா, சிக்கிக்கொண்ட நூல்கண்டா என்று கேட்டாள். தாய் மரத்தை வெட்டினாள், வீட்டை இடித்தாள், ஏணியில் நின்றவனை இறக்கி அனுப்பினாள். மூன்று கோடு மிஞ்சியது. அது புரிந்தது.

அடுத்த தப்பு ஒரு தையல்காரி மட்டுமே செய்யக் கூடியது. துணியில் வெட்டுக்கோடு பதிக்கிற பல்சக்கரத்தைத் தடித்த தாளில் அழுத்தி ஓட்டினால், மறுபக்கம் புள்ளி புள்ளியாய்க் கோடு புடைத்துக்கொண்டு வரும். நூல் செலவில்லை, நேரம் மிச்சம். ஒரே மாலையில் எட்டுப் படம் போட்டுவிட்டாள். எட்டிலும் மகள் சொன்ன விடை இடம் வலமாக மாறி வந்தது. பிள்ளைக்குத்தான் குழப்பம் என்று தாய் கடிந்துகொண்டாள். பிறகுதான் உறைத்தது. தாளைத் திருப்பிப் போட்டால் படமும் திரும்பிக்கொள்ளும். இடது கைக்கும் வலது கைக்கும் துணியைத் திருப்பித் திருப்பி வெட்டிப் பதினெட்டு வருடம் பிழைத்தவள், தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, எட்டையும் மாற்றி வரைந்தாள்.

ஒரு மாதத்தில் அவளுக்குக் கை படிந்துவிட்டது. பக்கத்துக்கு முறுக்கு நூல், உள்ளே ஓடும் கோட்டுக்கு விட்டு விட்டு ஓட்டுத்தையல், பரப்பளவு காட்ட சொரசொரப்பான துணி, முனைக்குப் பொத்தான். எந்த முனை எது என்று தெரிய துளையில்லாத பொத்தான், இரு துளைப் பொத்தான், நான்கு துளைப் பொத்தான். செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கத்திலும் மூன்று சதுரத்தைத் தைத்து, சின்ன இரண்டின் துணியும் சேர்ந்தால் பெரியதன் துணி என்று வெட்டிப் பொருத்திக் காட்டியபோது, வக்கீல் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். "இவ்ளோதானாம்மா? இதுக்கா என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க?" என்று பிறகு கேட்டாள்.

இதில் தாய்க்கு ஒரு பேராசை வந்தது. நம் பிள்ளை மட்டுமா, நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்தால் அதற்கும் ஆகட்டுமே என்று பன்னிரண்டு அட்டைகளை, டப்பாவில் இருந்த நல்ல பொத்தான்களையெல்லாம் கொட்டித் தைத்து, பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கணக்கு வாத்தியார் ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். தமக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு பிள்ளைக்காக அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் பாடத்தை யார் முடிப்பது என்று வருத்தத்தோடு கேட்டார். தலைமையாசிரியைக்கோ கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நேர்த்தி, எவ்வளவு பொறுமை என்று தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பன்னிரண்டு அட்டையும் தலைமையாசிரியை அறைக்கு எதிரே, புத்தம்புதுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றன. பூட்டுப் போட்டிருந்தது. 'சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான தொட்டுணர் கருவிகள்' என்று மேலே பலகை. கீழே சின்னதாக, 'தொடாதீர்கள்.' பார்வையிட வந்த அதிகாரி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். வக்கீலையும் அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் கையை நீட்டினாள், கண்ணாடி தட்டுப்பட்டது. "நல்லா துடைச்சு வெச்சிருக்கீங்க," என்றாள். எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டில் இல்லை, கண்ணாடிக்குள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கைபட்டால் அழுக்காகிவிடும், ஆண்டறிக்கை வரைக்கும் இருக்கட்டும் என்று சாவியைத் தலைமையாசிரியை தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் முழுப் பரீட்சை நெருங்கியது, அந்தப் படிவமும் வீடு வந்து சேர்ந்தது. கணக்குப் பாடத்திலிருந்து பிள்ளைக்கு நிரந்தர விலக்குக் கோரும் படிவம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை பரீட்சை எழுதாமலே அடுத்த வகுப்புக்குப் போகலாம். ஆனால் அதற்குப் பிறகு கணக்கோ அறிவியலோ எடுக்கவே முடியாது. கொடுக்காவிட்டாலும் பிள்ளைக்குத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது; வரவில்லை என்று போட்டுவிடுவார்கள், அதே வகுப்பில் இன்னொரு வருடம். படிவம் கட்டாயம் வேண்டும் என்று எழுத்தர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற கதைதான். கழுதையாவது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும்.

புதன்கிழமை சாயங்காலம் நடத்துனர் வீடு திரும்பியபோது பித்தளைப் பொத்தான்கள் இன்னும் நாற்கரத்தில்தான் இருந்தன. அவர் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையின் மேல் அவள் விரல்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு தாமும் தடவிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. மெல்லிய குரலில் மனைவியிடம், தாம் ஒரு சாதாரண ஆள், படித்தவர்களோடு வழக்காடி ஜெயிக்கிற சாமர்த்தியம் தமக்கு இல்லை என்றார். சொல்லிவிட்டுப் படிவத்தை இழுத்து, காலிக் கட்டங்களுக்கெல்லாம் கீழே, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

"மத்ததெல்லாம் நீயே ரொப்பிடு. எனக்கு எழுதக் கை வரல."

அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள். மொத்தம் ஐந்து கேள்வி. ஐந்தையும் திரும்ப வாசித்தாள். பேனாவை எடுத்து, வாடிக்கையாளர் அளவு எழுதுகிற அதே திருத்தமான கையெழுத்தில் நிதானமாக நிரப்பினாள். என்ன நிரப்பினாள் என்பது இப்போதைக்கு இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை எழுத்தர் அதை வாங்கிக் கட்டங்களை விரலால் எண்ணினார். கட்டம் ஒன்றுகூடக் காலி இல்லை, கையெழுத்து இருக்கிறது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை இல்லை, தலைமையாசிரியையின் வேலை. தலைமையாசிரியை அன்று மாலை நூற்றுச் சொச்சம் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எழுத்தர் பார்த்துத்தானே வைத்திருப்பார் என்று அவர் நம்பினார். ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கிற அலுவலகம் அது. கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது, நகல் மேலிடத்துக்குப் போகிற கட்டில் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தையல்காரி ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில், பாடத்தில் வரும் படங்களையெல்லாம் புதிதாகத் தைத்த பதினான்கு அட்டைகளையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். தேர்வு அறை வாசலில் கணக்கு வாத்தியார் தடுத்தார். அவர் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது.

"என்னம்மா நீ, இன்னிக்குப் போய் வந்திருக்க? உனக்குத்தான் விலக்கு குடுத்தாச்சே. வீட்டுல நிம்மதியா இருக்க வேண்டியதுதான?"

"எனக்கா சார்? எனக்கு யாரும் குடுக்கலையே," என்றாள் வக்கீல்.

மூவரும் தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள். தலைமையாசிரியை சலித்துக்கொள்ளவில்லை. கனிவாகவே, அப்பா கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது, தாமே ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது, காட்டுகிறேன் என்று எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் கோப்பைக் கொண்டுவந்து பிரித்து வைத்தார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மேடம் எழுதியிருக்கு?" என்றாள் வக்கீல். "எனக்குப் படிக்க முடியாது. சத்தமா வாசிங்களேன்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை வாத்தியார் பக்கம் நகர்த்தினார். வாத்தியாருக்குக் கையில் தாளைக் கொடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், இருபத்திரண்டு வருடப் பழக்கம். வராந்தாவுக்கே கேட்கிற வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார்.

"விலக்குக் கோருபவரின் பெயர்: இந்தப் பள்ளிக்கூடம்."

நிறுத்தினார். தலைமையாசிரியையைப் பார்த்தார். "ம், அப்புறம் சார்?" என்றாள் வக்கீல்.

"குறைபாட்டின் தன்மை: கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் எடுத்துப் பயன்படுத்தத் தெரியவில்லை." இப்போது குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு காலமாக உள்ளது: என் மகள் சேர்ந்து நான்கு வருடம். அதற்கு முன்னால் இருந்ததா என்று பழைய பெற்றோரைக் கேட்கவும். எந்தெந்தப் பாடங்களில் சிரமம்: படம் உள்ள எல்லாப் பாடங்களிலும்."

"அஞ்சாவது?"

"நிரந்தரமானதா, சரியாகக் கூடியதா..." வாத்தியார் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "சரியாகக் கூடியதுதான். எனக்கு ஒரு மாதம் பிடித்தது. படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கலாம்."

அதற்குக் கீழே, 'விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. விலக்கு அளிக்கலாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து. அதன்மேல் வட்டமாக, சற்றும் அழியாமல், பள்ளிக்கூடத்து முத்திரை.

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்தது. இதை இப்போதே கிழித்துப் போட்டால் என்ன என்று எழுத்தரைக் கேட்டார். கிழிக்கலாம், ஆனால் நகல் வெள்ளிக்கிழமையே மேலிடத்துக்குப் போய்விட்டது என்று எழுத்தர் பணிவாகச் சொன்னார். ரத்து செய்ய வேண்டுமானால், படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்குத் தலைமையாசிரியை விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு வரவில்லை என்று போட்டுவிடு என்றார் தலைமையாசிரியை. எழுத்தர் வக்கீலை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய வாழ்நாளில் கட்டத்துக்குள் இருந்ததை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வந்து நிக்குது மேடம். நிக்கிற பிள்ளைய எப்படி வரலைன்னு போடறது?"

மணி அடித்தது. வக்கீல் கையை நீட்டினாள்.

"கேள்வித்தாள் குடுங்க சார்."

தாய் பதினான்கு அட்டைகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மகளிடம் கொடுத்தாள்.

கேள்வித்தாள் வந்தது. ஆனால் உட்கார இடம் இல்லை. விலக்குப் பெற்றவளுக்கு எதற்கு இடம் என்று தேர்வு அறையில் அவளுடைய எண்ணையே அழித்துவிட்டிருந்தார்கள். கேள்வியை வாசித்து, சொல்வதை எழுத ஆளும் ஏற்பாடு செய்யவில்லை. பள்ளிக்கூடம் முழுவதிலும் அன்று காலியாக இருந்த பெரிய மேசை ஒன்றுதான். அதுவும் முழுக்கக் காலி இல்லை, அதற்குப் பின்னால் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். தேர்வு நடக்கிற அறையில் தேர்வுப் பணியில் இல்லாதவர் இருக்கக் கூடாது என்பது விதி, விதியை மீற அவருக்கு மனசு வராது. தலைமையாசிரியை எழுந்து இடம் கொடுத்தார்.

வக்கீல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பேனாக் கூட்டையும் பூச்சாடியையும் கையாலேயே கண்டுபிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, அட்டைகளைப் பரப்பிக்கொண்டாள். வாத்தியார் எதிரில் உட்கார்ந்து, அவள் சொல்வதை எழுதப் பேனாவைத் திறந்தார். எழுத்தர் மேற்பார்வைக்குச் சுவரோரம் நின்றுகொண்டார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே வராந்தாவில், பெற்றோர் காத்திருக்கப் போட்டிருந்த பெஞ்சு ஒன்று. தையல்காரி அதில் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாத்தின கதவைப் பார்த்தார். உள்ளே வக்கீல் விடை சொல்லிக்கொண்டிருந்த குரல் கேட்டது. தையல்காரி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க மேடம். ரெண்டரை மணி நேரம் ஆகும். வீணா எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"